ஜவோர்ஸ்கியை இரண்டாகப் பிரித்துப் பார்க்காதீர்கள்: ஃபிபா புகழ்க்கூடத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

2023 ஆகஸ்டில், கூடைப்பந்து உலகக் கோப்பைப் போட்டிகள் தொடங்கவிருந்த வாரத்தில், மணிலாவில் நடந்த விழாவில் கார்லோஸ் லொய்ஸாகாவின் பெயரை, சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான உங்கள் ஃபிபாவின் புகழ்க்கூடத்தில் சேர்த்தீர்கள். 1954இல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் பிலிப்பைன்ஸ் மூன்றாமிடம் பெற்றபோது அந்த அணியின் தூணாக நின்றவர் அவர். ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் 1951, 1954, 1958, 1962 என நான்கு முறை தொடர்ந்து தங்கம் வென்ற அணிகளிலும் ஆடியவர். தகுதியில் ஒரு குறையும் சொல்ல முடியாத தேர்வு. ஆனால் அவர் 2016 ஜனவரியிலேயே காலமாகிவிட்டார். விருது வந்தபோது ஏழு ஆண்டுகள் தாமதமாகியிருந்தது. அதே தாமதம் இன்னொரு முறை நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே, அதே நாட்டைச் சேர்ந்த ஆட்டக்காரரும் பயிற்சியாளருமான ராபர்ட் ஜவோர்ஸ்கியின் பெயரை உங்கள் முன் வைத்து இந்த மடலை எழுதுகிறேன்.

நான் பிலிப்பைன்ஸ் நாட்டவன் அல்லன். ஆசியக் கூடைப்பந்தை நெடுங்காலமாகக் கவனித்துவரும் தமிழன். ஜவோர்ஸ்கியோடும் அவர் ஆடிய அணிகளோடும் எனக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. அவருடைய ரசிகர் கூட்டத்தின் ஆரவாரத்தைத் தகுதிச் சான்றாக உங்களிடம் நீட்டவும் நான் வரவில்லை. அந்த ஆரவாரம் அவரை 1998இல் அந்நாட்டு செனட் சபை வரை கொண்டுசேர்த்தது என்பது வேறு கதை. நான் பேச வந்தது கூடைப்பந்தைப் பற்றி மட்டுமே.

உங்கள் புகழ்க்கூடத்தில் ஆட்டக்காரர்களுக்கு ஓர் இடமும், பயிற்சியாளர்களுக்கு ஓர் இடமும், நடுவர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் தனித்தனி இடங்களும் இருக்கின்றன. ஒருவர் ஆடி முடித்து ஓய்வுபெற்ற பிறகு பயிற்சியாளராகிறார் என்ற வழக்கமான பாதைக்கு இந்தப் பாகுபாடு பொருந்தும். ஜவோர்ஸ்கியின் வாழ்க்கை அந்தப் பாதையில் நடக்கவில்லை. 1985இல் தம் 39ஆம் வயதில் அவர் பிலிப்பைன்ஸ் தொழில்முறை லீக்கின் ஹினேப்ரா அணியின் பயிற்சியாளரானபோது ஆட்டத்தை நிறுத்தவில்லை. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகும், 1997 வரை, பயிற்சியாளராகவும் பட்டியலில் இடம்பெற்ற ஆட்டக்காரராகவும் ஒருசேர இருந்தார். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை எந்தப் பெட்டியில் போடுவீர்கள்? ஆட்டக்காரர் பெட்டியில் போட்டால், வயதேறிய, ஆட்ட நேரம் குறைந்துகொண்டே வந்த ஒருவர் தெரிவார். பயிற்சியாளர் பெட்டியில் போட்டால், நான்கு லீக் பட்டங்களும் ஓர் ஆசிய வெள்ளியும் வென்ற ஒருவர் தெரிவார். நல்ல கணக்குதான், ஆனால் அதைவிடப் பெரிய கணக்கோடு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் வரிசையில் நிற்கிறார்கள். பாதி பாதியாக எடைபோட்டால் இரண்டு தராசிலும் அவர் கொஞ்சம் குறைவார். அவரை முழுதாக ஒரே தராசில் வைக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இதற்கு உங்கள் விதிப்புத்தகமே துணை நிற்கிறது. தலைமைப் பயிற்சியாளர் இல்லாதபோது அணித் தலைவரே ஆடிக்கொண்டு பயிற்சியாளர் பொறுப்பையும் ஏற்கலாம் என்று அது சொல்கிறது. ஆடுகளத்தில் செல்லுபடியாகும் ஒரு பொறுப்புக்குப் புகழ்க்கூடத்தில் மட்டும் இடமில்லாமல் இருப்பது பொருத்தமற்றது. பில் ரஸ்ஸலின் கதை உங்களுக்குத் தெரியாததல்ல. பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஆடியபடியே பயிற்றுவித்து 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் பட்டம் வென்ற அவரை, அமெரிக்காவின் நெய்ஸ்மித் புகழ்க்கூடம் 1975இல் ஆட்டக்காரராகச் சேர்த்துக்கொண்டது. பயிற்சியாளராகச் சேர்க்க 2021 வரை காத்திருந்தது. நாற்பத்தாறு ஆண்டு இடைவெளி. ஜவோர்ஸ்கிக்கு அவ்வளவு காலம் இல்லை; 1946 மார்ச் 8 அன்று பிறந்தவர் அவர்.

இனி அவருடைய சர்வதேசக் கணக்கைப் பார்ப்போம், உங்கள் குழு முதலில் கேட்பது அதைத்தான். பாகுயோ நகரில் பிறந்து, யூனிவர்சிட்டி ஆஃப் தி ஈஸ்ட் அணியில் பேபி டலூபான் என்ற பெரும் பயிற்சியாளரிடம் பயின்று வந்த ஜவோர்ஸ்கி, 1967இல் சியோலில் ஆசியச் சாம்பியன் பட்டம் வென்ற பிலிப்பைன்ஸ் அணியில் ஆடினார். அந்த அணியின் பயிற்சியாளர், அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை ஆடிக்கொண்டிருந்த லொய்ஸாகா. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக். 1973இல் மணிலாவில் மீண்டும் ஆசியச் சாம்பியன் பட்டம். 1974இல் புவேர்ட்டோ ரிக்கோவில் உலகச் சாம்பியன்ஷிப். இந்த இடத்தில் பட்டியல் சட்டென்று நின்றுவிடுகிறது. 28 வயதில், பந்தை நடத்திச்செல்லும் ‘கார்டு’ நிலை ஆட்டக்காரர் ஒருவர் தன் ஆட்டத்தின் உச்சத்தை எட்டும் வயதில், அவருடைய சர்வதேசக் கணக்கு முடிந்துபோகிறது.

ஏன் முடிந்தது என்பதை வேறு யாரையும்விட உங்கள் அமைப்பே நன்றாக அறியும். 1975 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் கூடைப்பந்துச் சங்கம் என்ற பி.பி.ஏ. தொடங்கியது, ஆசியாவின் முதல் தொழில்முறை கூடைப்பந்து லீக் அது. நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஏறத்தாழ அனைவரும் அதில் சேர்ந்தார்கள். சம்பளம் வாங்கி ஆடுபவர்கள் உங்கள் போட்டிகளில் ஆடக் கூடாது என்ற விதி அப்போது நடப்பில் இருந்ததால், அவர்கள் அனைவருக்கும் தேசிய அணியின் கதவு ஒரே நாளில் மூடியது. விதியில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. அந்தக் காலத்தின் விதி அது. ஆனால் அதன் விளைவு என்ன என்பதை 1978ஆம் ஆண்டு ஒன்றே காட்டிவிடும். அவ்வாண்டு உலகச் சாம்பியன்ஷிப் மணிலாவில் நடந்தது. போட்டியை நடத்திய நாடு என்ற முறையில் பிலிப்பைன்ஸ் நேரடியாக இறுதிச் சுற்றில் இடம்பெற்று எட்டாமிடத்தில் முடித்தது. அதே 1978இல், அதே நகரில், பி.பி.ஏ.யின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விருதை டொயோட்டா அணியின் ஜவோர்ஸ்கி பெற்றார். நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்று விருது வாங்கியவர், தன் ஊரில் நடந்த உலகப் போட்டியில் ஆடுகளத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. இதில் இன்னொரு விசித்திரமும் உண்டு: 1976 முதல் 1984 வரை உங்கள் அமைப்பின் தலைவராக இருந்தவர் கொன்சாலோ புயாட் என்ற பிலிப்பைன்ஸ்காரர்.

1989 ஏப்ரலில் மியூனிக்கில் கூடிய உங்கள் மாநாடு அந்த விதியை நீக்கியபோது ஜவோர்ஸ்கிக்கு வயது 43. ஆகவே 29 வயதிலிருந்து 43 வயது வரை அவருடைய சர்வதேச ஏடு வெறுமையாக இருப்பது அவருடைய திறன் குறைவைக் காட்டவில்லை. அந்த வெறுமையைக் குறைவாக எண்ணி எண் போடுவது, பரீட்சை எழுத விடாமல் வெளியே நிறுத்திவைத்த மாணவனுக்குப் பூஜ்யம் போடுவதற்குச் சமம். அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அவர் எங்கே ஆடினாரோ, எதைச் செய்தாரோ, அதைத்தான் அந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கே அவர் செய்தது என்ன என்று சொல்கிறேன். டொயோட்டா அணியில் 1983 வரை அவர் இருந்தார். கிறிஸ்பா அணியோடு டொயோட்டா மோதிய ஆட்டங்கள்தான் அந்த லீக்கை ஒரு நாட்டின் பொழுதுபோக்காக வளர்த்தன. பாயிண்ட் கார்டு என்றாலும் உடல் வலுவோடு முட்டி மோதி ஆடியவர். ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, பெரிய ஆள்களோடு போட்டி போடுவார். பந்தைப் பகிர்வதே அவர் ஆட்டத்தின் அடிப்படை. சக வீரர் புள்ளி போட வழிசெய்யும் ‘அசிஸ்ட்’ கணக்கில், 5,825 அசிஸ்ட்டுகளோடு பி.பி.ஏ. வரலாற்றுப் பட்டியலில் முதலிடம் அவருக்கே. 1984இல் டொயோட்டா நிறுவனம் லீக்கை விட்டு விலகி, அணியை வேறொரு நிறுவனத்துக்கு மொத்தமாகக் கைமாற்றியபோது, ஆட்டக்காரர்களையும் சேர்த்துப் பொருளைப்போல விற்பதை ஏற்காமல், சக வீரர் ஃபிரான்சிஸ் அர்னாய்ஸோடு கில்பீஸ் ஜின் அணிக்குப் போய்ச் சேர்ந்தார். மறு ஆண்டே அந்த அணி ஹினேப்ரா சான் மிகுவேல் என்று பெயர் மாறியது. ஜவோர்ஸ்கி அதன் பிளேயிங் கோச், அதாவது ஆடிக்கொண்டே பயிற்றுவிப்பவர், ஆனார்.

அந்த முதல் ஆண்டிலேயே நடந்த ஓர் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1985 அக்டோபர் 22, பாசிக்கில் உள்ள அல்ட்ரா அரங்கம். எதிரணி நோர்தர்ன் கன்ஸாலிடேட்டட் சிமெண்ட். பெயர் சிமெண்ட் கம்பெனியுடையது என்றாலும், ரான் ஜேக்கப்ஸ் என்ற பயிற்சியாளரின் கீழ் தேசிய அணிக்காகத் தயாராகிவந்த இளைஞர்களின் கூட்டம் அது. ஆட்டத்தின் நடுவே எதிரணியின் ஜெஃப் மூரின் முழங்கை ஜவோர்ஸ்கியின் வாயில் பட்டு உதடு கிழிந்தது. மருத்துவமனைக்குக் கொண்டுபோய் 9 தையல் போட்டார்கள். நாற்பதை நெருங்கும் ஒருவர் அத்தோடு வீட்டுக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அரங்கத்துக்குத் திரும்பினார். கடைசிக் கால்பகுதியில் அணி 15 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பெஞ்சில் சிறிது நேரம் உட்கார்ந்தவர் பிறகு தம்மைத் தாமே உள்ளே இறக்கிக்கொண்டார். அரங்கம் எழுந்தது, எதிரணியின் கை தடுமாறத் தொடங்கியது, ஹினேப்ரா வென்றது. அந்த அணியின் ரசிகர்கள் இன்றுவரை சொல்லிக்கொள்ளும் ‘நெவர் சே டை’ என்ற முழக்கத்துக்குப் பிறந்தநாளாக இந்தத் தேதியைத்தான் குறிப்பிடுகிறார்கள்.

இதை வீரக் கதையாகச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பயிற்சி நுட்பத்தின் கண்கொண்டு பார்த்தால் வேறொன்று தெரிகிறது. ஒரு சாதாரணப் பயிற்சியாளர், 15 புள்ளி பின்தங்கிய நிலையில், டைம்-அவுட் எடுப்பார், தற்காப்பு முறையை மாற்றுவார், ஆள்களை மாற்றுவார்; அவர் கையில் உள்ள கருவிகள் அவ்வளவுதான். ஜவோர்ஸ்கியிடம் கூடுதலாக ஒரு கருவி இருந்தது, அது அவரே. அதை எந்த நிமிடத்தில் பயன்படுத்த வேண்டும் என்ற கணிப்புதான் அன்று ஆட்டத்தை மாற்றியது. உதட்டில் தையலோடு இருப்பவரால் கத்தி ஆணையிடவும் முடிந்திருக்காது என்று நினைக்கிறேன். சொல்ல வேண்டியதை ஆடித்தான் சொல்லியாக வேண்டும். பிந்தைய ஆண்டுகளில், நாற்பத்தைந்தும் ஐம்பதுமாக வயது ஏறியபோது, அவர் களத்தில் இருந்த நேரம் சுருங்கிக்கொண்டே போனது. ஆனால் எப்போது இறங்குவார் என்ற கேள்வி எதிரணியின் பயிற்சியாளர் மனதில் கடைசி நிமிடம்வரை இருந்துகொண்டே இருந்தது. தன் ஆடும் திறன் தேயத் தேய, அதைச் செலவிடும் நேரத்தை மேலும் மேலும் துல்லியமாகத் தேர்ந்தெடுத்த ஒருவருடைய வேலையைப் புள்ளிக் கணக்கால் அளக்க முடியாது.

இது எளிதாக எல்லோருக்கும் வந்துவிடும் காரியமும் அன்று. டொயோட்டாவில் ஜவோர்ஸ்கியோடு ஆடிய ரமோன் ஃபெர்னாண்டஸ், நான்கு முறை மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றவர், பி.பி.ஏ.யின் மொத்தப் புள்ளிப் பட்டியலில் 18,996 புள்ளிகளோடு முதலிடத்தில் இருப்பவர். ஆட்டக்காரர் என்ற அளவில் ஜவோர்ஸ்கியைவிட அவரை மேலாக வைப்பவர்கள் உண்டு. நானே பல நேரம் அப்படி நினைப்பதுண்டு. அவரும் 1988இல் புதிதாக வந்த பியூர்ஃபுட்ஸ் அணியில் பிளேயிங் கோச்சாகத் தொடங்கினார். அந்தப் பொறுப்பில் சிறிது காலமே நீடித்தார். அவ்வாண்டு ஆல்-ஃபிலிப்பினோ இறுதிப் போட்டியில் அந்த பியூர்ஃபுட்ஸையே 3-1 என்று வீழ்த்திப் பட்டம் வென்றது, அப்போது அன்யெஹோ ரம் என்று பெயர் மாறியிருந்த ஜவோர்ஸ்கியின் அணி. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1986இல், பில்லி ரே பேட்ஸ், மைக்கேல் ஹேக்கெட் என்ற இரு அமெரிக்க வீரர்களின் பலத்தோடு அவர் வென்ற முதல் பட்டத்தைவிட, வெளிநாட்டு வீரர் எவருமின்றி வென்ற இந்த இரண்டாம் பட்டம்தான் பயிற்சியாளராக அவருக்குப் பெருமை என்பது என் கருத்து.

டொயோட்டா கலைந்த நாளிலிருந்து ஜவோர்ஸ்கிக்கும் ஃபெர்னாண்டஸுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. 1989 ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் இருவரும் மூத்தோர் அணியில் ஒன்றாக ஆட நேர்ந்தது. பயிற்சியாளர், இளமையில் ஜவோர்ஸ்கிக்குக் கற்றுக்கொடுத்த அதே டலூபான். கடைசி விநாடிகளில் ஜவோர்ஸ்கி பக்கவாட்டிலிருந்து பந்தை எறிந்து கொடுக்க, ஃபெர்னாண்டஸ் அதை வெற்றிப் புள்ளியாக்கினார். ஆட்டம் முடிந்ததும் இருவரையும் கைகுலுக்க வைத்தவரும் டலூபான்தான். காட்சியாக இது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது அடுத்த ஆண்டு நடந்தது.

1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டி. உங்கள் மியூனிக் முடிவுக்குப் பிறகு, பிலிப்பைன்ஸ் முதன்முதலாகத் தன் தொழில்முறை வீரர்களை வெளிநாட்டுக்கு அனுப்பியது. அந்த அணியின் பயிற்சியாளர் ஜவோர்ஸ்கி. இங்கே அவர் ஆடவில்லை, பயிற்சியாளர் மட்டுமே. ஆலன் கைடிக், சாம்பாய் லிம், ஆல்வின் பாட்ரிமோனியோ, பென்ஜி பாரஸ், ஹெக்டர் கால்மா ஆகியோரோடு ஃபெர்னாண்டஸும் அணியில் இருந்தார். 1985இல் அல்ட்ரா அரங்கில் எதிரணியாக நின்ற சிமெண்ட் கம்பெனி இளைஞர்களில் லிம், கால்மா போன்றோர் இப்போது அவர் பிள்ளைகள். லொய்ஸாகாவின் மகன் சீட்டோவும் அந்த அணியில் ஆடினார். 1967இல் தகப்பனாரிடம் பயின்றவர், 1990இல் அந்தத் தகப்பனாரின் மகனைத் தேசிய அணியில் ஆட வைத்தார். ஆசியாவின் மற்ற அணிகள் ஆண்டுக்கணக்கில் ஒன்றாக ஆடிப் பழகியிருந்தபோது, இவர்கள் வெவ்வேறு கம்பெனி அணிகளில் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்தவர்கள். முந்தைய சுற்றில் சீனாவிடம் மிகப் பெரிய வித்தியாசத்தில் தோற்றார்கள். அப்படி அடிபட்ட அணியைச் சேர்த்துப் பிடித்து, இறுதி ஆட்டத்தில் அதே சீனாவிடம் 90-76 என்ற அளவுக்கு நிறுத்திக் காட்டி, வெள்ளியோடு நாடு திரும்பினார்.

வெள்ளிதானே என்று கடந்துபோக வேண்டாம். 1962இல் லொய்ஸாகாவின் அணி வென்ற தங்கத்துக்கும் 2023இல் ஹாங்சோவில் டிம் கோனின் அணி வென்ற தங்கத்துக்கும் இடைப்பட்ட அறுபத்தோரு ஆண்டுகளில், ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆடவர் கூடைப்பந்தில் பிலிப்பைன்ஸ் எட்டிய மிக உயர்ந்த இடம் அதுதான்.

இப்போது கசப்பான பக்கத்துக்கு வருகிறேன். உங்கள் புகழ்க்கூடம் நடுவர்களையும் கௌரவிக்கும் இடம். ஆகவே இதை நான் சொல்லாமல் விட்டாலும் உங்கள் கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்லத்தான் போகிறார், சொல்லவும் வேண்டும். 1971 டிசம்பரில், மெரால்கோ அணிக்காக கிறிஸ்பாவை எதிர்த்து ஆடியபோது, ஜவோர்ஸ்கியும் சக வீரர் ஆல்பர்ட்டோ ரெய்னோசோவும் நடுவர்களைத் தாக்கினார்கள். பி.பி.ஏ. தொடங்குவதற்கு முந்தைய காலம் அது; அன்று நாட்டின் கூடைப்பந்தை நிர்வகித்த அமைப்பு இருவருக்கும் வாழ்நாள் தடை விதித்தது. 1972 மியூனிக் ஒலிம்பிக் சென்ற அணியில் ஜவோர்ஸ்கி இல்லை. 1973இல் தடை நீக்கப்பட்டது; அவ்வாண்டே ஆசியப் பட்டமும் வந்தது. நடுவர்மீது கை வைத்த செயலுக்கு நியாயம் தேடுவது வீண். அன்று விதித்த தண்டனை சரியானது. சூடான ஆட்டம், இளம் வயது என்றெல்லாம் அவருடைய அபிமானிகள் சொல்லும் சமாதானங்களை நான் ஏற்பதில்லை.

இரண்டாவது, 1990ஆம் ஆண்டின் முதல் கான்ஃபரன்ஸ் (பி.பி.ஏ.யின் ஓராண்டுப் பருவத்தில் தனிப் பட்டத்துக்காக நடக்கும் தொடர்) இறுதிப் போட்டி. ஷெல் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் நடுவர்களின் முடிவுகளை எதிர்த்து ஜவோர்ஸ்கி தம் அணியோடு அரங்கத்தை விட்டு வெளியேறினார். ஆட்டம் ஷெல்லுக்குப் போனது, பட்டமும் போனது. லீக் அந்த அணிக்கு 5,50,000 பெசோ அபராதம் விதித்தது. ஓர் இளைஞனின் கைமீறிய கோபம் என்று 1971ஐ ஒருவேளை சொல்லலாம். 44 வயதில், ஓர் அணியையே வழிநடத்தும் பொறுப்பில் இருந்துகொண்டு செய்த இதை அப்படிச் சொல்ல இடமில்லை. பணம் கொடுத்து வந்த ரசிகர்களுக்கும், எதிரே வெற்றிக்காகக் காத்திருந்த அணிக்கும் அது இழைத்த அநீதி. அதே ஆண்டு, சில மாதங்கள் கழித்து, அவர் பெய்ஜிங்கில் நாட்டின் பயிற்சியாளராக நின்றார் என்பது பிலிப்பைன்ஸ் கூடைப்பந்தின் விளங்காத புதிர்களில் ஒன்று.

ஆனால் ஓராண்டு கழித்து நடந்ததையும் அதே ஏட்டில் எழுத வேண்டும். 1991இல் அதே கான்ஃபரன்ஸின் இறுதிப் போட்டியில் மீண்டும் அதே ஷெல். நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது 1-3. இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் கதை முடிந்தது. வெளிநடப்புச் செய்தவர் என்ற பெயரோடு வந்திருந்த பயிற்சியாளர், இம்முறை களத்தை விட்டு நகரவில்லை. ஐந்தாவது ஆட்டம், ஆறாவது ஆட்டம் இரண்டையும் வென்று, ஏழாவது ஆட்டத்தின் கடைசி விநாடியில் ரூடி டிஸ்ட்ரிட்டோ புகுந்துபோய்ப் போட்ட புள்ளியில் பட்டம் கிடைத்தது. பி.பி.ஏ. இறுதிப் போட்டிகளில் 1-3 என்ற நிலையிலிருந்து ஓர் அணி மீண்டு வென்றது அதுவே முதன்முறை. டிஸ்ட்ரிட்டோ ஆல்-ஸ்டார் வரிசையில் பேசப்பட்ட ஆட்டக்காரர் அல்லர்; முரட்டுத் தற்காப்புக்காகப் பெயரெடுத்தவர். அத்தகைய ஆள்களை வைத்துக்கொண்டு அணி கட்டுவதுதான் ஜவோர்ஸ்கியின் முறை. அவரே அப்படி ஆடியவர் என்பதால், அவர்களிடம் கேட்கும் உழைப்பைத் தாமும் களத்தில் இறங்கிக் காட்ட அவரால் முடிந்தது. பெரும் நட்சத்திரங்களைச் சேர்த்து வெல்லும் பயிற்சியாளர்களை உலகம் எங்கும் பார்க்கலாம். இந்த வகையினரைப் பார்ப்பது அரிது.

அதன் பின் சில ஆண்டுகள் வறட்சி. 1997இல், கோர்டன்ஸ் ஜின் என்ற பெயரில் ஆடிய அணி, கமிஷனர்ஸ் கோப்பை இறுதியில் அலாஸ்காவை 4-2 என்று வென்றது. அந்த அலாஸ்கா, முந்தைய ஆண்டின் மூன்று பட்டங்களையும் ஒருசேர வென்றிருந்த அணி. பயிற்சியாளர் டிம் கோன். அதே கோன்தான் பின்னாளில் ஹினேப்ராவின் பயிற்சியாளராகவும், 2023இல் ஆசியத் தங்கம் வென்ற தேசிய அணியின் பயிற்சியாளராகவும் ஆனார். ஜவோர்ஸ்கி செனட்டரான பிறகு அணியில் நெடுநாள் நீடிக்கவில்லை. பி.பி.ஏ. அவரை 2005இல் தன் புகழ்க்கூடத்தில் சேர்த்தது. ஹினேப்ரா 2012 ஜூலையில் அவருடைய 7ஆம் எண் சட்டைக்கு ஓய்வு கொடுத்தது.

தொழில்முறை லீக்கில் செய்ததை அந்த லீக்கே கௌரவித்துவிட்டதே, உலகப் புகழ்க்கூடத்துக்கு அதில் என்ன வேலை என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அதற்கான பதிலை முன்பே சொல்லிவிட்டேன். 1975க்கும் 1989க்கும் இடையில் பிலிப்பைன்ஸ் ஆட்டக்காரர்களுக்கு அந்த லீக்கைத் தவிர வேறு உயர்ந்த களம் எதையும் உங்கள் விதி விட்டுவைக்கவில்லை. இந்த வாதம் ஜவோர்ஸ்கிக்கு மட்டும் பொருந்துவதும் அன்று. ஃபெர்னாண்டஸுக்கும், கிறிஸ்பாவில் ஜவோர்ஸ்கியின் போட்டியாளர்களாக இருந்த அட்டாய் கோ, ஃபிலிப் சீசர் தலைமுறைக்கும் பொருந்தும் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஜவோர்ஸ்கியை முதலில் வைப்பதற்குக் காரணம், விதி தம்மைத் தடுப்பதற்கு முன் இரண்டு ஆசியப் பட்டங்கள், விதி தடுத்துவைத்திருந்தபோது ஆட்டக்காரராகவும் பிளேயிங் கோச்சாகவும் பட்டங்கள், விதி நீங்கியவுடன் பயிற்சியாளராக ஆசிய வெள்ளி என்று மூன்று காலங்களிலும் கணக்கு வைத்திருப்பவர் அவர் என்பதே.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இவைதான். அடுத்த தேர்வுக் கூட்டத்தில் ஜவோர்ஸ்கியின் பெயரை விவாதத்துக்கு எடுங்கள். ஆட்டக்காரர் பிரிவிலோ பயிற்சியாளர் பிரிவிலோ எதில் வைத்தாலும், மற்றப் பிரிவில் அவர் செய்ததையும் சேர்த்தே எடைபோடுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்தவர்களுக்கென்று ஒரு வழிமுறையை வகுத்தால் இன்னும் நல்லது, பிற நாடுகளிலிருந்தும் அதற்குரியவர்கள் வருவார்கள். 1975 முதல் 1989 வரையிலான சர்வதேச இடைவெளியை அவருக்கு எதிராகக் கணக்கிட வேண்டாம். பிலிப்பைன்ஸின் தேசியக் கூட்டமைப்பான சமாஹாங் பாஸ்கெட்போல் ங் பிலிபினாஸ் இதற்கான ஆவணங்களைத் திரட்டித் தர வேண்டும் என்பதையும் இந்த மடலின் வழியாகவே அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பழைய ஆட்டங்களின் ஸ்கோர் ஷீட்டுகளும் ஒளிப்பதிவுகளும் அவர்கள் நாட்டில்தான் இருக்கும்.

அவரைச் சேர்ப்பதென்று முடிவெடுத்தால், புகழ்க்கூடத்தில் அவருக்காக எழுதப்படும் குறிப்பில் 1967, 1973, 1990 ஆகிய ஆண்டுகளோடு 1971 டிசம்பரையும், ஷெல் ஆட்டத்தின் வெளிநடப்பையும் தயங்காமல் எழுதுங்கள். அடிபட்ட நடுவர்களுக்கு அந்த மரியாதையைச் செய்ய வேண்டியிருக்கிறது. விழாவை, அவர் நேரில் வந்து பெற்றுக்கொள்ளக்கூடிய காலத்திலேயே, முடிந்தால் மணிலாவிலேயே நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஆசியக் கூடைப்பந்தைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு தமிழ் வாசகன்